பழைய துணிப் பொம்மையைத் துவைப்பதும் தைப்பதும்

அக்கா மகளுக்கு நாலு வயது இருக்கும்போது அவளுடைய நாய் பொம்மையை நான் துவைத்துக் கொடுத்தேன். பொம்மையின் பெயர் மணி. வாங்கியபோது செம்பட்டை நிறத்தில் இருந்ததாகக் கேள்வி, என் கைக்கு வந்தபோது சிமெண்ட் நிறம். சோப்புத்தூள் தாராளமாகப் போட்டு, வாஷிங் மெஷினில் முழுச் சுற்று ஓடவிட்டு, கடைசியில் துணிக்கு ஊற்றும் வாசனைத் திரவத்தையும் ஒரு மூடி ஊற்றி, ரோஜாப்பூ மணக்க மணக்கக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் வாங்கி முகர்ந்து பார்த்தாள். "சித்தி, இது மணி இல்ல" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஒரு வாரம் அவளுடைய தலையணைக்கு அடியில் கிடந்து, எச்சிலும் எண்ணெயும் கொஞ்சம் ஏறிய பிறகுதான் மணி மறுபடியும் மணி ஆனான்.

அதற்கப்புறம் உறவுக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று இருபது முப்பது பொம்மைகளுக்காவது கை வைத்திருப்பேன். வேலையைத் தொடங்கும் முன் எனக்கு நானே சொல்லிக்கொள்வது இதைத்தான்: பொம்மைக்குச் சொந்தக்காரர் இருட்டில் தடவிப் பார்த்தாலும் தன்னுடையது என்று தெரிய வேண்டும். அழுக்கு போகட்டும், கிழிசல் மூடட்டும், கடையில் இருந்த பளபளப்பு திரும்பி வரவேண்டிய தேவை இல்லை. அதனால் முதல் வேலை, பொம்மைக்கு உரியவரிடம் கேட்பது. குழந்தையாக இருந்தாலும் சரி, கல்லூரி முடித்துவிட்டு இன்னும் கட்டிப்பிடித்துத் தூங்குகிற ஆளாக இருந்தாலும் சரி, எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது என்று கேளுங்கள். ஒரு பையன் கரடியின் ஒரு காது மட்டும் தொங்கிக்கொண்டே இருக்கட்டும் என்றான், அதைப் பிடித்துத் திருகினால்தான் தூக்கம் வருமாம். சரி என்று அந்தக் காதை விட்டுவிட்டேன். அப்புறம், முன்னாலிருந்து, பின்னாலிருந்து, இரண்டு பக்கவாட்டிலிருந்து, முகத்தை மட்டும் கிட்டத்தில் என்று படங்கள் எடுத்து வையுங்கள். கண்ணைக் கழற்றிய பிறகு அது எங்கே இருந்தது என்பது யாருக்கும் நினைவிருக்காது.

தண்ணீரில் போடும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பாதி விபத்துகள் இங்கேதான் நடக்கின்றன. வயிற்றை அழுத்தி விடுங்கள். உடனே எழும்பினால் பாலியஸ்டர் பஞ்சு. இப்போது கடைகளில் கிடைக்கும் பொம்மைகளில் பெரும்பாலும் இதுதான், துவைக்கப் பயமில்லை. அழுத்திய இடம் மெதுவாக எழும்பி, கைக்கு மெத்தென்று கொஞ்சம் கட்டி கட்டியாகத் தட்டுப்பட்டால் இலவம் பஞ்சாக இருக்கலாம், பாட்டிமார்கள் வீட்டில் தைத்த பொம்மைகளில் அதுதான் இருக்கும். இலவம் பஞ்சின் இழை உள்ளே குழலாகவும் மேலே மெழுகுப் பூச்சோடும் இருப்பதால் லேசில் நனையாது, ஒரு காலத்தில் உயிர்காக்கும் மிதவைச் சட்டைகளுக்குள்ளேயே இதை அடைத்திருக்கிறார்கள். ஆனால் சோப்புத் தண்ணீரில் ஊறிக் கசக்கப்பட்டால் உருண்டை உருண்டையாகத் திரண்டு, நாள் கணக்கில் காயாமல் உள்ளுக்குள்ளேயே முடை நாற்றம் பிடிக்கும். என் அம்மா தைத்த முயலை நான் அப்படித்தான் கெடுத்தேன், அதைப் பற்றி இதற்கு மேல் பேச விருப்பமில்லை. அழுத்தும்போது தூள் தூளாக நொறுங்கி, தையல் வழியே மஞ்சள் பொடி கொட்டினால் பழைய ஃபோம் துண்டுகள், அதை மாற்றியே ஆக வேண்டும். அடிப்பக்கம் மட்டும் கனமாக, மணி மணியாக உருண்டால் பிளாஸ்டிக் மணியோ தெர்மாகோல் மணியோ, தெர்மாகோல் என்றால் சூடே ஆகாது. கரகரவென்று வைக்கோல் போலச் சத்தம் கேட்டால், அது மிகப் பழைய வெளிநாட்டுக் கரடியாக இருக்கலாம், உள்ளே மரச்சீவல். அப்படி ஒன்று வீட்டுப் பரணிலிருந்து கிடைத்தால் தண்ணீர் பக்கமே கொண்டுபோகாதீர்கள், மேலே துடைப்பதோடு நிறுத்துங்கள். காதில் ஒரு உலோகப் பொத்தான் இருந்தால் அதைக் கழற்றவும் வேண்டாம். ஸ்டைஃப் என்ற ஜெர்மன் நிறுவனம் 1904 முதல் அப்படிப் பொத்தான் வைக்கிறது, பழைய பொம்மை சேகரிக்கிறவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

வயிற்றில் பாட்டுப் பெட்டியோ பேட்டரியோ இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். இருந்தால் முதுகுத் தையலைப் பிரித்து வெளியே எடுத்துவிட்டுத்தான் மற்றது எல்லாம்.

இன்னொன்று, கிழிசல் இருந்தால் துவைப்பதற்கு முன்பே தற்காலிகமாகப் பெரிய பெரிய தையலாக ஓட்டிவிடுங்கள். விரல் நுழையும் ஓட்டை பக்கெட்டிலிருந்து எடுக்கும்போது கை நுழையும் ஓட்டையாகிவிடும்.

முதலில் உலர்ந்த சுத்தம். மாடிக்குக் கொண்டுபோய்த் தட்டுங்கள், பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் முடி சாய்ந்திருக்கும் பக்கமாகவே சீவுங்கள். வெறும் தூசியும் லேசான வாடையும்தான் பிரச்சினை என்றால், ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில் பொம்மையோடு நாலைந்து ஸ்பூன் ஆப்பச் சோடா போட்டு, வாயைக் கட்டிக் குலுக்கி, ராத்திரி முழுக்க வைத்து, காலையில் உதறி பிரஷ் போட்டாலே போதும். நிறைய பொம்மைகளுக்கு இதற்கு மேல் தேவையே இல்லை. குழந்தைக்கு மூக்கில் தண்ணீர் ஒழுகுகிறது, தூசிப் பூச்சி ஒவ்வாமை என்று மருத்துவர் சொல்லியிருந்தால், பொம்மையைப் பையில் கட்டி ஃப்ரீசரில் ஒரு முழு நாளாவது வைக்கலாம், மைனஸ் 18 டிகிரி குளிரில் அந்தப் பூச்சிகள் செத்துவிடும். ஆனால் ஒவ்வாமையைக் கிளப்புவது பூச்சியின் எச்சமும் செத்த உடலும்தான், அவை துணியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் ஃப்ரீசரிலிருந்து எடுத்த பிறகு துவைத்தே ஆக வேண்டும். 60 டிகிரி வெந்நீரிலும் பூச்சி சாகும், ஆனால் அந்தச் சூட்டில் ஃபர் துணியின் முடி சுருண்டு போகலாம், பசையால் ஒட்டிய கண்ணும் மூக்கும் கழன்று வரலாம், அதனால் நான் ஃப்ரீசர் பக்கம்தான்.

இப்போது கறை. நம் வீட்டுப் பொம்மைகளில் சாக்லேட்டை விட அதிகம் பார்ப்பது மஞ்சள் கறையும் தேங்காய் எண்ணெயும்தான். சாம்பார் பட்ட இடத்தில் சோப்பு போட்டதும் மஞ்சள் சட்டென்று சிவப்பாக மாறும். பயந்துபோய் இன்னும் சோப்பு போட்டுத் தேய்க்காதீர்கள். சோப்பின் காரத்தன்மைக்கு மஞ்சள் அப்படித்தான் நிறம் மாறும், அலசினால் பழையபடி மஞ்சளாகிவிடும். மஞ்சளுக்கு உண்மையான எதிரி வெயில். அந்த இடத்தை மட்டும் அலசி, மற்ற பகுதியைத் துணியால் மூடி, கறை மட்டும் வெயிலில் படும்படி இரண்டு மூன்று மதியம் வைத்தால் தானாக வெளுத்துவிடும். எண்ணெய் வேறு ரகம். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு கட்டிப்பிடித்துத் தூங்குவதால் கரடியின் ஒரு கன்னம் மட்டும் பிசுபிசுத்து முடியெல்லாம் ஒட்டிக் கிடக்கும். அங்கே சோளமாவையோ முகப் பவுடரையோ அப்பி ஒரு ராத்திரி விட்டுச் சீவி எடுங்கள், எண்ணெயை மாவு இழுத்துக்கொள்ளும். மிச்சத்துக்குப் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரே ஒரு சொட்டு. பால், வாந்தி, மூத்திரம் மூன்றுக்கும் முதலில் பச்சைத் தண்ணீர் மட்டும். எடுத்த எடுப்பில் வெந்நீர் ஊற்றினால் பாலிலும் வாந்தியிலும் இருக்கும் புரதம் வெந்து துணியில் பிடித்துக்கொள்ளும். பேனா மைக்குச் சானிடைசரைப் பஞ்சில் நனைத்து ஒற்றி ஒற்றி எடுங்கள், பஞ்சை மாற்றிக்கொண்டே இருங்கள், தேய்த்தால் மை பரவும். எதைப் போட்டாலும் முதலில் கால் இடுக்கு மாதிரி கண்ணில் படாத இடத்தில் கொஞ்சம் போட்டுச் சாயம் போகிறதா என்று பார்த்துவிடுங்கள். பிளீச் மட்டும் வேண்டவே வேண்டாம்.

துவைக்க பக்கெட்தான் என் விருப்பம். வெதுவெதுப்பான தண்ணீர், அதில் கம்பளிக்கும் பட்டுக்கும் போடும் திரவம் இருந்தால் ஒரு மூடி, இல்லையென்றால் குழந்தை ஷாம்பு. எதுவும் இல்லையா, பட்டுப்புடவைக்குப் போடுவது போல நாலைந்து பூந்திக்கொட்டையை விதை எடுத்து ஊறவைத்துப் பிசைந்து வடிகட்டிய தண்ணீரே போதும், வாசனையும் பின்னால் நிற்காது. பொம்மையை முக்கி, ஸ்பாஞ்சை அழுக்குத் தண்ணீரில் அமுக்கி விடுவது போல அமுக்கி அமுக்கி விடுங்கள். கசக்குவது, பிழிவது, முறுக்குவது மூன்றும் கூடாது, உள்ளே பஞ்சு கோணிவிடும், கழுத்துத் தையல் விட்டுப்போகும். பத்து நிமிடத்துக்கு மேல் ஊறப்போடாதீர்கள். பிறகு நல்ல தண்ணீரில் நுரை நிற்கும் வரை அலச வேண்டும், நாலு தடவை ஆகலாம், ஆறு தடவையும் ஆகலாம். சோப்பு உள்ளே தங்கினால் காய்ந்த பிறகு முடி விறைப்பாகி, முன்னைவிட வேகமாக அழுக்குப் பிடிக்கும்.

மெஷினில்தான் போடுவேன் என்றால், தலையணை உறைக்குள் போட்டு வாயைக் கட்டி, மெதுவான சுற்று, பச்சைத் தண்ணீர், துணைக்கு ரெண்டு துண்டு. கண்ணாடிக் கண், ஒட்டிய மூக்கு, மணி நிரப்பியது, மரச்சீவல், இலவம் பஞ்சு இவையெல்லாம் மெஷினுக்கு ஆகாது. கையால் துவைத்ததைப் பிழிய மட்டும் மெஷினின் ஸ்பின் உண்மையிலேயே உதவும். அது இல்லாதவர்கள் தடிமனான துண்டில் வைத்துச் சப்பாத்தி ரோல் போலச் சுருட்டி, அதன் மேல் முழங்காலை ஊன்றி அழுத்துங்கள், துண்டு நனைந்ததும் இன்னொரு துண்டு.

இலவம் பஞ்சுப் பொம்மையை எப்படித்தான் துவைப்பது? முதுகுத் தையலைப் பிரித்துப் பஞ்சு முழுவதையும் வெளியே எடுத்து, தோலை மட்டும் துவைக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கொசுவலைக்குள் உட்கார்ந்துகொண்டு எடுங்கள். நான் முதல் தடவை ஹாலில் உட்கார்ந்து எடுத்தேன், தீபாவளிக்குச் சோபாவை நகர்த்தியபோதும் பஞ்சு பறந்தது. எடுத்ததைப் பழைய தலையணை உறையில் கட்டி ரெண்டு நாள் வெயிலில் போட்டுத் தட்டினால் மறுபடி உப்பிவிடும், அதையே திரும்ப அடைக்கலாம்.

காயவைப்பதில்தான் பொறுமை வேண்டும், துவைத்ததைக் கெடுப்பது இந்த இடம்தான். காதில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் காது நீண்டுபோய் அப்படியே நின்றுவிடும். வெங்காயம் வருகிற வலைப்பையை எடுத்து, கழுவி, அதற்குள் பொம்மையைப் போட்டு, காற்று வரும் நிழலில் தொங்கவிடுங்கள். சில மணி நேரத்துக்கு ஒரு தடவை தலைகீழாகத் திருப்புங்கள், இல்லையென்றால் தண்ணீர் எல்லாம் காலுக்கு இறங்கி அங்கே மட்டும் மஞ்சள் பூத்துவிடும். திருப்பும்போதெல்லாம் முடியைப் பிரஷ்ஷால் நீவி, கட்டிய பஞ்சை வெளியிலிருந்தே விரலால் கிள்ளிப் பிரித்து விடுங்கள், ஈரமாக இருக்கும்போது முடி எப்படிப் படிகிறதோ காய்ந்த பிறகும் அப்படித்தான் நிற்கும். ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்தால் சரி, சூட்டில் வைத்தால் ஃபர் முடியின் நுனி உருகிச் சுருண்டுவிடும், அப்படிச் சுருண்டதை யாராலும் நீட்ட முடியாது. நல்ல வெயில் காலத்தில் ஒன்றரை நாள், பெரிய பொம்மைக்கு மூன்று நாள். காய்ந்ததா என்று மேலே தொட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள். வயிற்றின் தடித்த இடத்தை அழுத்திக் கன்னத்தில் வையுங்கள், ஜில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம். எல்லாம் ஆனபின் ஒரு மணி நேரம் மட்டும் நேர் வெயில் காட்டலாம், அதற்கு மேல் நிறம் வெளுக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையைத் தொடங்கவே தொடங்காதீர்கள், ஆப்பச் சோடாவோடு நிறுத்திக்கொண்டு தை வரட்டும் என்று விடுங்கள்.

சரி, தையல். துவைத்துக் காய்ந்த பிறகுதான் உட்கார வேண்டும். சாதாரணத் தையல் ஊசி, பொம்மை நிறத்துக்கு ஒத்த பாலியஸ்டர் நூல், கண்ணுக்கும் கழுத்துக்கும் சட்டைப் பொத்தான் தைக்கும் தடித்த நூல், மூக்கு வாய்க்குக் கறுப்பு எம்பிராய்டரி நூல், குண்டூசி, அப்புறம் ஒரு கோணி ஊசி. சாக்கு தைக்கிற அந்த நீள ஊசி இல்லாமல் தடித்த வயிறு உள்ள பொம்மையில் வேலை நடக்காது. முன்னே சொன்ன ஸ்டைஃப் நிறுவனத்துக்கும் ஊசிக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. மார்கரெட் ஸ்டைஃப் முதன்முதலில் தைத்து விற்ற துணி யானை ஊசி குத்திவைப்பதற்காகத்தான் செய்யப்பட்டது, குழந்தைகள் அதை எடுத்து விளையாட ஆரம்பித்ததால்தான் பொம்மைக் கம்பெனியே வந்தது.

தையல் விட்டுப்போன இடத்துக்குக் கற்றுக்கொள்ள வேண்டியது ஒரே ஒரு தையல். வெளியே தெரியாது, ஏணிப் படி போல இருக்கும். விளிம்பு இரண்டையும் உள்பக்கமாக மடித்துக்கொள்ளுங்கள். நூலில் முடிச்சுப் போட்டு, உள்ளிருந்து ஒரு மடிப்பின் மேல் ஊசியை வெளியே எடுங்கள். இப்போது நேர் எதிரே உள்ள மடிப்பில் குத்தி, அந்த மடிப்புக்குள்ளேயே மூன்று நாலு மில்லிமீட்டர் ஓட்டி வெளியே எடுங்கள். மறுபடி நேர் எதிரே, முதல் மடிப்பில் அதே அளவு. இப்படி மாறி மாறி. ஒவ்வொரு தடவையும் தாண்டுவது நேராக இருக்க வேண்டும், சாய்வாகத் தாண்டினால் இழுக்கும்போது சுருக்கம் விழும். ஐந்தாறு படி ஆகும் வரை நூலை இழுக்காமல் தளர்வாகவே விடுங்கள், அப்போது பார்த்தால் உண்மையிலேயே ஏணி தெரியும். அப்புறம் நூலைத் தையல் போகும் திசையிலேயே மெதுவாக இழுங்கள், இரண்டு விளிம்பும் ஒன்றாகச் சேர்ந்து, நூல் உள்ளே மறைந்துபோகும். முதல் தடவை பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரு "அட!" போடுவார்கள். முடிவில் இரண்டு முடிச்சு, ஊசியை அதே இடத்தில் குத்தி இரண்டு அங்குலம் தள்ளி வெளியே எடுத்து, நூலை இழுத்துப் பிடித்து ஒட்ட வெட்டுங்கள், வால் உள்ளே போய்விடும். தையலுக்குள் மாட்டிய முடியை ஊசி முனையால் நெம்பி வெளியே எடுத்துவிட்டால், ஃபர் பொம்மையில் எங்கே தைத்தோம் என்பது உங்களுக்கே தெரியாது.

உடனே ஒட்டும் பசையை மட்டும் தொடாதீர்கள். காய்ந்ததும் கல்லாகிவிடும், சுற்றிலும் வெள்ளை பூக்கும், அப்புறம் அந்த இடத்தில் ஊசியும் இறங்காது. பசை போட்டுக் கொண்டுவந்த பொம்மைகளில்தான் எனக்கு வேலை இரட்டிப்பாகியிருக்கிறது.

எலி கடித்த ஓட்டை, துணியே இற்றுப்போன இடம், இவற்றைச் சும்மா இழுத்துத் தைத்தால் பக்கத்தில் மறுபடி கிழியும். இற்ற இடத்துக்கு உள்பக்கமாக ஒரு அஸ்திவாரம் வேண்டும், அதற்குப் பழைய வேட்டித் துணியைப் போல வேறு எதுவும் கிடையாது, மெல்லிசு, மெத்து, பலமும் உண்டு. ஓட்டையைவிட ஓர் அங்குலம் பெரிதாக வெட்டி உள்ளே நுழைத்து, சுற்றிலும் பொடித் தையலாகப் பிடித்துவிட்டு, கிழிந்த விளிம்புகளை அதன் மேல் படிய வைத்துத் தையுங்கள். துணியே காணாமல் போயிருந்தால் ஒட்டுத்துணி தேவை. முகத்தில் ஓட்டை என்றால் நான் செய்வது, பொம்மை உட்காரும் அடிப்பக்கத்திலிருந்து அதன் சொந்தத் துணியை வெட்டி எடுத்து முகத்துக்கு வைப்பது, அடிப்பக்கத்துக்கு வேறு துணி. அங்கே யார் பார்க்கப் போகிறார்கள்? ஃபர் துணியை வெட்டும்போது பின்பக்கமாகத் திருப்பி, பிளேடால் அடித்துணியை மட்டும் கீறுங்கள், கத்தரிக்கோலால் முழுதாக வெட்டினால் முடியும் சேர்ந்து வெட்டுப்பட்டு மொட்டை விளிம்பு தெரியும். முடி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமாகவே ஒட்டையும் வையுங்கள்.

கழுத்து தொங்கும் பொம்மைதான் அதிகம் வரும், தூக்குவது எல்லாம் கழுத்தைப் பிடித்துத்தானே. முதுகுத் தையலில் மூன்று விரல் அளவு பிரியுங்கள், தொழிற்சாலையில் கடைசியாகக் கையால் மூடிய தையல் அங்கேதான் இருக்கும், கொஞ்சம் கோணலாகத் தெரியும். புதுப் பஞ்சுக்குத் தனிப் பாக்கெட் தேடி அலைய வேண்டாம், விலை குறைந்த பாலியஸ்டர் தலையணை ஒன்றை வாங்கிப் பிரித்தால் நாலு பொம்மைக்குக் காணும். பஞ்சைப் பிய்த்து உதிர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக, பென்சிலின் மொட்டை முனையால் தள்ளுங்கள். கை கால் நுனி முதலில், பிறகு கழுத்து, அங்கே மட்டும் கெட்டியாக, கடைசியில் வயிறு, அது தளர்வாகவே இருக்கட்டும். பொம்மை கட்டிப்பிடிக்க வேண்டியது, வயிற்றைக் கிண்ணென்று அடைத்துவிட்டால் குழந்தை கைக்குள் மடங்காது. பழைய பஞ்சில் நன்றாக இருப்பதில் ஒரு கைப்பிடியாவது நடுவில் வைத்துத் தைத்துவிடுவேன். கேட்டால், "அதோட பழைய வயிறு உள்ளேதான் இருக்கு" என்று பொய் இல்லாமல் சொல்லலாம்.

கண்தான் கடினம். ஒரு கண் போயிருந்தால் இரண்டையும் மாற்றி ஜோடியாக்கலாம் என்று தோன்றும், முடிந்தவரை செய்யாதீர்கள், முகமே வேறு ஆளாகிவிடும். இருக்கும் கண்ணை விட்டுவிட்டு அதே அளவில் இன்னொன்று தேடுங்கள். கீறல் விழுந்து மங்கிய பிளாஸ்டிக் கண்ணுக்கு நிறமில்லாத நகப்பூச்சு மெலிதாக ஒரு கை போட்டால் பார்வை வந்துவிடும். பின்னால் வளையம் போட்டு இறுக்கும் பிளாஸ்டிக் கண்கள் மில்லிமீட்டர் கணக்கில் கிடைக்கின்றன. குண்டூசியால் இடம் குறித்து, கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்து, கண்ணாடியிலும் பார்த்து, திருப்தியான பிறகு மட்டும் கூர்முனையால் சின்னத் துளை போடுங்கள், வளையம் ஒருமுறை இறுகினால் கழற்ற வராது. பொத்தான் கண் என்றால் தடித்த நூலை இரட்டையாகக் கோணி ஊசியில் கோத்து, பிடரியிலிருந்து கண்ணுக்கு, மறுபடி பிடரிக்கு என்று இழுத்து அங்கே முடிச்சுப் போடுங்கள், கண் கொஞ்சம் குழிந்து உட்காரும், சட்டென்று பிய்த்துக்கொண்டும் வராது. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையின் கையில் இருக்கும் பொம்மை என்றால் பொத்தானும் வேண்டாம், வளையக் கண்ணும் வேண்டாம், எம்பிராய்டரி நூலால் கண்ணைத் தைத்துவிடுங்கள். இந்தியாவில் 2021 ஜனவரி முதல் விற்பனைக்கு வரும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், பிய்ந்து தொண்டைக்குள் போகும் பாகம் இருக்கிறதா என்பதும் அதற்கான சோதனையில் ஒன்று. நாம் வீட்டில் தைத்த பொத்தானை யாரும் சோதிப்பதில்லை. மூக்கும் வாயும் நூல் பிரிந்திருந்தால் பழைய தையல் குத்திய அதே ஓட்டைகளில் கறுப்பு நூலை ஓட்டினாலே போதும், சிரிப்பை நீங்களாக அகலப்படுத்த வேண்டாம்.

வேலை முடிந்ததும் கொடுத்துவிட அவசரப்படாதீர்கள். தொடங்கும்போது எத்தனை குண்டூசி, எத்தனை ஊசி வெளியே எடுத்தீர்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருக்க வேண்டும், முடித்ததும் அதே எண்ணிக்கை டப்பாவுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று குறைந்தாலும் காந்தத்தைப் பொம்மை முழுக்க மெதுவாகத் தடவுங்கள். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் ஒன்றை இதற்காகவே வைத்திருக்கிறேன், இதுவரை இரண்டு குண்டூசி மாட்டியிருக்கிறது, ஒன்று மணியின் இடது காதில்.